எத்தனை முறை? எப்போது? – மூளை போடும் நேரக் கணக்கு



கடைத்தெருவில் நடந்து போகும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவர் வலப்பக்கம் நிற்கிறாரா, இடப்பக்கம் நிற்கிறாரா என்று எவரும் யோசித்துப் பார்ப்பதில்லை. தலை தானாகவே சரியான பக்கம் திரும்பிவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டு காதுகளிலும் விழுந்தது ஒரே குரல், ஒரே பெயர். அப்படியானால் பக்கம் எப்படித் தெரிந்தது?

இதற்கான விடை, நேரம். வலப்பக்கத்துக் குரல் வலக் காதை முதலில் தொடுகிறது. இடக் காதைச் சற்றுத் தாமதமாகத் தொடுகிறது. அந்த நூலிழைத் தாமதத்தை அளந்துதான் மூளை பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. நரம்புகளின் வழியாக மூளைக்கு என்ன செய்தி வந்தது என்பது எவ்வளவு முக்கியமோ, அது எப்போது வந்தது என்பதும் அவ்வளவு முக்கியம். இன்றைய உரையின் சாரமே இதுதான்.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் செய்தி அல்ல. ஒரு குழந்தைக்கு ஒரு காது கேட்கவில்லை என்று தெரிய வரும்போது, "அதனால் என்ன, இன்னொரு காது நன்றாகத்தானே இருக்கிறது" என்று உற்றார் உறவினர் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய வேண்டுமானால், மூளை நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

கணினிக் கடிகாரமும் மூளைக் கடிகாரமும்

மூளையைக் கணினியோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்த ஒப்பீடு ஓரளவுதான் பொருந்தும்.

கணினிக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது வினாடிக்குப் பல நூறு கோடி முறை துடிக்கிறது. அதன் தாளத்துக்கு ஏற்பத்தான் உள்ளே இருக்கும் மின்சுற்றுகள் அடியெடுத்து வைக்கின்றன. அந்தக் கடிகாரத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். விடை தாமதமாக வருமே தவிர, மாறி வராது. கணினியில் நேரம் என்பது வேலையின் வேகம் மட்டுமே.

மூளையில் நிலைமை வேறு. எல்லா நரம்பணுக்களையும் ஒன்றாக நடத்திச் செல்லும் ஒரே தலைமைக் கடிகாரம் அங்கு இல்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கு வந்து சேரும் துடிப்புகளைப் பொறுத்துத் தானும் துடிக்கிறது. இரண்டு துடிப்புகள் ஒன்றாக வந்தால் ஒரு விளைவு. முன்பின்னாக வந்தால் வேறொரு விளைவு. ஒரு பாதை மட்டும் மெதுவாகிவிட்டால் விடை தாமதமாவது மட்டுமல்ல, விடையே மாறிவிடுகிறது.

எண்ணிக்கையில் தொடங்கிய கதை

நரம்புகள் எப்படிப் பேசுகின்றன என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்கர் ஏட்ரியன். 1926ஆம் ஆண்டில் அவரும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இங்வே சோட்டர்மனும் தவளையின் தசையிலிருந்து வரும் ஒரே ஒரு நரம்பிழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். தசையில் சிறிய எடையைத் தொங்கவிட்டார்கள், துடிப்புகள் வந்தன. எடையைக் கூட்டினார்கள். ஒவ்வொரு துடிப்பின் அளவும் மாறவே இல்லை. துடிப்புகள் வரும் வேகம்தான் கூடியது.

ஒரு நரம்பிழையால் உரக்கவோ மெல்லவோ பேச முடியாது. அது சொல்லக்கூடியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை ஒரு வினாடியில் எத்தனை முறை சொல்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. ஏட்ரியன் கண்ட பெரிய உண்மை இது. 1932ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் சார்ல்ஸ் ஷெரிங்டனோடு பகிர்ந்துகொண்டார்.

இந்த எண்ணிக்கைக் கொள்கை இன்றும் தவறாகிவிடவில்லை. கையால் ஒரு பொருளை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம், தோலில் எவ்வளவு அழுத்தம் படுகிறது என்பனவற்றையெல்லாம் மூளை பெரும்பாலும் இப்படித்தான் கையாளுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அது போதுமா என்ற கேள்வி எழுந்தது. எண்ணிப் பார்க்க அவகாசம் வேண்டும் அல்லவா?

1996ஆம் ஆண்டில் பிரான்சின் துலூஸ் நகரில் சைமன் தோர்ப்பும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு வண்ணப் படம் 20 மில்லி வினாடி மட்டும் திரையில் தோன்றி மறையும். ஒரு மில்லி வினாடி என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் படத்தில் விலங்கு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். அவர்களுடைய மூளை மின்னலைகளைப் பார்த்தபோது, படம் தோன்றிய 150 மில்லி வினாடிக்குள் விலங்குள்ள படத்துக்கும் விலங்கில்லாத படத்துக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கியிருந்தது.

கண்ணில் விழுந்த ஒளி அந்த நேரத்துக்குள் பல நரம்பணுக்களை வரிசையாகக் கடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது சுமார் 10 மில்லி வினாடி. அதற்குள் ஒரு நரம்பணு ஒரு முறை துடிக்கலாம். அதிகம் போனால் இரு முறை. எண்ணிக்கை எடுக்க அவகாசமே இல்லை. எந்த நரம்பணு முதலில் துடித்தது, எது அடுத்துத் துடித்தது என்ற வரிசையிலேயே செய்தி இருக்கக்கூடும் என்பது தோர்ப் முன்வைத்த கருத்து.

பத்து மைக்ரோ வினாடி

நேரத்தின் பங்கை ஐயமின்றிக் காணக்கூடிய இடம் காது. கணக்கும் எளியது. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தலையைச் சுற்றிச் செல்லும் தொலைவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். ஆகவே நேர் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலிகூட இடக் காதுக்கு 0.65 மில்லி வினாடி அளவுக்குத்தான் தாமதமாகப் போய்ச் சேரும். ஒரு மில்லி வினாடி கூட இல்லை. அதுவே மிக அதிகமான தாமதம். ஒலி முகத்துக்கு நேராக நெருங்க நெருங்க அந்தத் தாமதம் குறைந்து, நேர் எதிரே வரும்போது பூச்சியமாகிவிடும்.

இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ரேலி பிரபு 1907ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு இந்த நேர வேறுபாடு உதவுகிறது. உயர்ந்த சுருதி ஒலிகளைத் தலை மறைத்துக்கொள்வதால், அவை மறு பக்கக் காதில் மெலிந்து விழுகின்றன. அந்த ஒலி அளவு வேறுபாடும் பக்கத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

மனிதக் காது எவ்வளவு சிறிய தாமதத்தை உணரும்? 1950களில் நடந்த அளவீடுகளில் பயிற்சி பெற்றவர்கள் 10 மைக்ரோ வினாடி அளவு தாமதத்தையும் உணர்ந்தார்கள். அது ஒரு வினாடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நரம்பணுவின் ஒரு துடிப்பே சுமார் 1,000 மைக்ரோ வினாடி நீடிக்கிறது. தன் அளவுகோலின் ஒரு கோட்டைவிட நூறு மடங்கு சிறிய இடைவெளியை மூளை அளந்துவிடுகிறது என்றால், அது எப்படி இயலும்?

தெருவும் கதவுகளும்

அமெரிக்க உளவியல் அறிஞர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அழகான விடையைச் சொன்னார். அவருடைய கருத்தை இப்படி எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு நீண்ட தெரு. தெரு நெடுகிலும் வீடுகள். தெருவின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு ஆட்கள் ஒருவரை நோக்கி ஒருவர் ஒரே வேகத்தில் ஓடி வருகிறார்கள். வீடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ஆட்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால்தான் அந்த வீட்டுக் கதவு திறக்கும். ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது.

இருவரும் ஒன்றாகப் புறப்பட்டால் நடு வீட்டின் கதவு திறக்கும். வலப்பக்கத்து ஆள் முந்திப் புறப்பட்டிருந்தால், அவர் நடு வீட்டைத் தாண்டி வந்த பிறகே இருவரும் சந்திப்பார்கள். எனவே இடப்பக்கத்தில் உள்ள ஒரு வீடு திறக்கும். எந்தக் கதவு திறந்தது என்று பார்த்தாலே போதும்; யார் முந்தினார், எவ்வளவு முந்தினார் என்று சொல்லிவிடலாம். கையில் கடிகாரம் வேண்டியதில்லை.

அந்த ஆட்கள்தாம் இரு காதுகளிலிருந்து வரும் துடிப்புகள். தெரு என்பது நரம்பிழை. வீடுகள் என்பன, இரு பக்கத் துடிப்பும் ஒன்றாக வந்தால் மட்டுமே பலமாகத் துடிக்கும் நரம்பணுக்கள். நேர வேறுபாட்டை இட வேறுபாடாக மாற்றிவிடுவதுதான் இதில் உள்ள நுட்பம். ஜெஃப்ரஸ் இதை எழுதியபோது மூளையில் அப்படி ஒரு தெரு இருப்பதாக யாரும் கண்டதில்லை. வெறும் சிந்தனையில் பிறந்த கருத்து அது.

கூகை சொன்ன பாடம்

அந்தத் தெருவைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பறவை. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அது பழக்கமான பறவைதான். எலித் தொல்லையைக் குறைப்பதற்காகத் தோட்டங்களில் மரப்பெட்டிகளைக் கம்பங்களில் நிறுத்தி வளர்க்கிறார்களே, வெள்ளை முகமுள்ள அந்தக் கூகை.

கூகை இருட்டில் வேட்டையாடுவது கண்ணால் மட்டும் அல்ல என்பதைச் சோதனைகளின் வழி காட்டியவர் ரோஜர் பெய்ன். பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. முழு இருட்டான அறையில், தரையில் பரப்பிய சருகுகளின் மேல் எலி ஓடும் சலசலப்பைக் கேட்டே கூகை அதைப் பிடித்தது. எலிக்குப் பதிலாக ஒரு காகிதச் சுருளை நூலில் கட்டிச் சருகின் மேல் இழுத்தபோது கூகை அந்தக் காகிதத்தின் மீதும் பாய்ந்தது. வாசனையோ உடல் வெப்பமோ அதற்குத் தேவைப்படவில்லை. காது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஜப்பானின் கியோத்தோ நகரில் பிறந்து அமெரிக்காவின் கல்டெக் கல்வி நிலையத்தில் பணியாற்றிய மசாகாசு கொனிஷி இந்தப் பறவையைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1978ஆம் ஆண்டில் அவரும் எரிக் நட்சனும், கூகையின் நடு மூளையில் ஒலி வரும் திசைகளின் வரைபடம் ஒன்று இருப்பதை அறிவித்தார்கள். ஒரு நரம்பணுவுக்கு ஒரு திசை. அந்தத் திசையிலிருந்து ஒலி வந்தால்தான் அது துடிக்கும்.

அந்த வரைபடம் எப்படி உருவாகிறது? 1988ஆம் ஆண்டில் கேத்தரின் கார் என்பவரும் கொனிஷியும் இதற்கு விடை தந்தார்கள். கூகையின் மூளைத் தண்டில் இரு காதுகளிலிருந்து வரும் நரம்பிழைகள் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே பகுதிக்குள் நுழைகின்றன. உள்ளே போகப் போக ஒன்றின் துடிப்பு தாமதமாகிறது. எதிரே வருவதன் துடிப்பும் அவ்வாறே. இடையில் உள்ள நரம்பணுக்கள் இரண்டும் ஒன்று சேரும்போது பலமாகத் துடிக்கின்றன. ஜெஃப்ரஸ் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனத்தில் வரைந்த தெரு, ஒரு பறவையின் தலைக்குள் இருந்தது.

எல்லா உயிருக்கும் ஒரே வழி அல்ல

இத்துடன் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் பாலூட்டிகளைச் சோதித்தபோது புதிய சிக்கல் எழுந்தது. 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டேவிட் மெக்அல்பைன் குழுவினர் கினிப் பன்றிகளின் மூளையைப் பார்த்தார்கள். அங்கே திசைக்கு ஒரு நரம்பணு என்ற ஒழுங்கு தென்படவில்லை. மூளையின் இடப்பக்க அணுக்கள் எவ்வளவு துடிக்கின்றன, வலப்பக்க அணுக்கள் எவ்வளவு துடிக்கின்றன என்ற ஒப்பீட்டில் திசை அடங்கியிருப்பதாக அவர்கள் கருதினார்கள். தராசின் இரு தட்டுகளைப் போல.

அடுத்த ஆண்டே ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் பெனடிக்ட் குரோத்தவின் குழுவினர் ஜெர்பில் எனப்படும் பாலைநில எலியில் இன்னொன்றைக் கண்டார்கள். அங்கே நரம்பணுக்களைத் துடிக்க வைக்கும் செய்திகளோடு, துடிக்காமல் தடுக்கும் செய்திகளும் மிகத் துல்லியமான நேரத்தில் வந்து சேருகின்றன. அந்தத் தடையை மருந்தால் நீக்கியபோது நேரக் கணிப்பே இடம் மாறிவிட்டது.

மனித மூளை எந்த வழியைப் பின்பற்றுகிறது என்பதில் விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் ஒரு செய்தியில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எண்ணிக்கையாக இருந்தாலும், வரைபடமாக இருந்தாலும், அடியில் கிடக்கும் மூலப்பொருள் இரு காதுத் துடிப்புகளின் நேர வேறுபாடுதான். அதற்காகவே கேட்கும் பாதையில் மூளையின் மிகப் பெரிய நரம்பிணைப்புகள் சில அமைந்துள்ளன. ஒரு நரம்பிழையின் முனை, அடுத்த நரம்பணுவைக் கிண்ணம் போல் கவ்விப் பிடித்திருக்கும். துடிப்பு சிறிதும் பிசகாத நேரத்தில் கைமாற வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது.

ஒரு கண்ணாடி, ஒரு நூல், ஒரு சாவி

நேரம் பிசகினால் என்ன நடக்கும்? இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலின் முனையில் சாவியைக் கட்டி, ஒருவர் அதை ஊஞ்சல் போல் இடமும் வலமுமாக ஒரே கோட்டில் ஆட்ட வேண்டும். பார்ப்பவர் இரு கண்களையும் திறந்தபடி, கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். சாவி நேர்க்கோட்டில் ஆடுவது போல் தோன்றாது. முன்னும் பின்னுமாக நீள்வட்டத்தில் சுற்றுவது போல் தோன்றும்.

மங்கலான ஒளி பெற்ற கண்ணிலிருந்து செய்தி சில மில்லி வினாடி தாமதமாக மூளைக்குப் போகிறது. அதற்குள் சாவி சற்று நகர்ந்துவிடுகிறது. இரு கண்களும் சாவியை இரு வேறு இடங்களில் காட்டுவதால், மூளை அந்த வேறுபாட்டைத் தொலைவு என்று எடுத்துக்கொள்கிறது. தாமதம், ஆழமாக மாறிவிடுகிறது. ஜெர்மனியின் கார்ல் புல்ஃப்ரிச் 1922ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார். ஒரு கண்ணில் பார்வை இழந்திருந்த அவரால் இந்தக் காட்சியைத் தாமே பார்க்க முடியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கண்ணாடியே இல்லாமல் இப்படிப் பார்ப்பவர்களும் உண்டு. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் துடிப்பு வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் செல்லும். தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டர் வரை பாயும். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்குகிறது. 1972ஆம் ஆண்டில் லண்டனில் ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகிய மூவரும், பார்வை நரம்பில் அழற்சி ஏற்பட்டவர்களைச் சோதித்தார்கள். சாதாரணமாகக் கண்ணில் பட்ட காட்சிக்கு மூளையின் பின்பகுதி சுமார் 100 மில்லி வினாடியில் பதில் தரும். இவர்களுக்கு அந்தப் பதில் தாமதமாக வந்தது. பார்வை நன்றாகத் தேறிய பிறகும் தாமதம் நீடித்தது. எழுத்துப் பலகையை முழுதாகப் படிக்கக்கூடிய சிலருக்கும், எதிரே வரும் வாகனம் எவ்வளவு தொலைவில் வருகிறது என்று கணிப்பது கடினமாகிவிடுகிறது. செய்தி வருகிறது; உரிய நேரத்தில் வரவில்லை. அவ்வளவுதான் குறை.

முந்தியது வலுப்பெறும்

கற்றுக்கொள்வதிலும் நேரத்துக்குப் பங்கு உண்டு. ஒரு நரம்பணு அடுத்ததைத் துடிக்க வைப்பதில் திரும்பத் திரும்பப் பங்கு பெற்றால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்று கனடா நாட்டு அறிஞர் டொனால்ட் ஹெப் 1949ஆம் ஆண்டில் எழுதினார். அதில் நேரத்தின் கண்டிப்பு எவ்வளவு என்பது பின்னரே தெரிந்தது. 1997ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹென்ரி மார்க்ரம் குழுவினரும், 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோ-சியாங் பி, மு-மிங் பூ ஆகியோரும் அதை அளந்தார்கள்.

செய்தி அனுப்பும் அணு முதலில் துடித்து, பெறும் அணு சுமார் 20 மில்லி வினாடிக்குள் துடித்தால் இணைப்பு வலுப்பெற்றது. பெறும் அணு முந்தித் துடித்து, செய்தி பிந்தி வந்தால் அதே இணைப்பு தளர்ந்தது. இரண்டிலும் துடிப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எது முன், எது பின் என்பது மட்டுமே மாறியது. காரணம் முன்னே, விளைவு பின்னே என்ற உலக நியதியை மூளை இப்படித் தன் இணைப்புகளில் எழுதி வைத்துக்கொள்கிறது என்று கருதலாம்.

ஒரு காது போதுமா?

நேயர்களே, இனி தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். ஒரு காது நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கு என்ன குறை?

அமைதியான வீட்டில் பெரிய குறை தெரியாது. கூப்பிட்டால் திரும்பும், பேசினால் பதில் சொல்லும். அதனால்தான் பல பெற்றோர் நெடுநாள் கவனிக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது காது இல்லாததால், நேர வேறுபாடு என்ற கணக்கு அந்த மூளைக்குள் நடக்கவே வழியில்லை. சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று காதால் அறிய முடியாமல் பிள்ளை தடுமாறும்.

அதைவிடப் பெரிய இழப்பு வகுப்பறையில் ஏற்படுகிறது. திருமண மண்டபத்தில் நூறு பேர் பேசிக்கொண்டிருந்தாலும் எதிரே இருப்பவரின் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்க முடிகிறது. இந்தத் திறனை 1953ஆம் ஆண்டில் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் முறையாக ஆராய்ந்தார். ஆசிரியரின் குரல் ஒரு திசையிலிருந்தும், மின்விசிறியின் இரைச்சலும் மற்ற மாணவர்களின் பேச்சும் வேறு திசைகளிலிருந்தும் வருகின்றன. இரு காதுகளின் ஒப்பீட்டை வைத்தே மூளை குரலை ஒரு பக்கமும் இரைச்சலை ஒரு பக்கமும் ஒதுக்கிவைக்கிறது. ஒரு காது மட்டும் இருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுகிறது. பிள்ளை "கவனம் இல்லாதவன்", "சோம்பேறி" என்று பெயர் வாங்குகிறது.

அமெரிக்காவில் ஃபிரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் ஆகியோர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு காது கேளாத பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வகுப்பிலாவது தேர்ச்சி பெறாமல் மீண்டும் படித்திருந்தது தெரியவந்தது. 2010ஆம் ஆண்டில் ஜூடித் லியூ குழுவினர் இன்னும் கவனமாக ஒப்பிட்டார்கள். ஒரு காது கேளாத பிள்ளையை, அதே வீட்டில் வளரும் இரு காதும் கேட்கும் உடன்பிறப்போடு ஒப்பிட்டார்கள். வீடு ஒன்று, பெற்றோர் ஒன்று. அப்படியிருந்தும் பேச்சு, மொழித் தேர்வுகளில் ஒரு காது கேளாத பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஒரு காது போதும் என்ற ஆறுதல் நல்ல மனத்தில் பிறந்தது. ஆனால் அது சரியல்ல.

பருவம் தவறக்கூடாது

இங்கே இன்னொரு நேரக் கணக்கும் உண்டு. இது மில்லி வினாடிகளில் அல்ல, மாதங்களில் நடப்பது. கூகை ஆய்வைத் தொடர்ந்த எரிக் நட்சன், 1980களில் கூகைகளின் ஒரு காதை அடைத்துப் பார்த்தார். பிறந்து இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் சில வாரங்களில் பழகிக்கொண்டு, மீண்டும் சரியான திசையைக் கண்டன. அதைவிட மூத்த பறவைகளால் அப்படிப் பழக முடியவில்லை. நேரக் கணக்கை மூளை கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு.

மனிதக் குழந்தைகளிடமும் இதன் அடையாளங்கள் தெரிகின்றன. இரு காதும் கேளாத குழந்தைகளுக்கு உட்செவியில் காக்லியர் கருவி பொருத்துகிறார்கள். கனடாவின் டொரண்டோ நகரில் கரன் கோர்டன் குழுவினர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் கருவிக்கும் இரண்டாவது கருவிக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டால், மூளை முதலில் கேட்ட காதின் பக்கமே சாய்ந்துவிடுவதைக் கண்டார்கள். பிந்தி வந்த காது, விருந்தாளி போல் ஒதுங்கி நிற்கிறது.

கருவிக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான காக்லியர் கருவிகள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாறாத வேகமுள்ள மின்துடிப்புகளாக மாற்றி அனுப்புகின்றன. ஒலியலையின் நுண்ணிய நேர அமைப்பு அதில் பெரிதும் தொலைந்துபோகிறது. இரு காதுகளில் உள்ள இரு கருவிகளும் பொதுவாகத் தத்தம் கடிகாரத்தின்படி இயங்குகின்றன. ஆகவே அவற்றை அணிந்தவர்கள் திசையை அறிவது பெரும்பாலும் ஒலி அளவின் வேறுபாட்டால்தான். பேச்சு நன்றாகப் புரிகிறது. இசையின் நுட்பமும் இரைச்சலுக்கு நடுவே கேட்பதும் கடினமாக இருக்கின்றன. நேரத்தையும் சரியாகக் கொடுக்கும் கருவியைச் செய்வதுதான் இன்று பொறியாளர்கள் முன் உள்ள வேலை. ஒரு காது மட்டும் கேளாதவர்களுக்கும் இந்தக் கருவியைப் பொருத்த, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. ஒரு காது போதாது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பிறந்த குழந்தைக்குக் கேட்கும் சோதனை ஒரு மாதத்துக்குள், குறை இருந்தால் அதை உறுதி செய்வது மூன்று மாதத்துக்குள், உதவியைத் தொடங்குவது ஆறு மாதத்துக்குள் என்பது அனைத்துலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. அந்தச் சோதனையில் ஒவ்வொரு காதும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. "ஒரு காது தேறிவிட்டது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், மறு காதுக்கும் மீண்டும் சோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிறக்கும்போது நன்றாக இருந்த காது பின்னர் கெடுவதும் உண்டு. பொன்னுக்கு வீங்கி நோய், ஒரு காதின் கேட்கும் திறனை ஒரேயடியாக அழித்துவிடக்கூடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் மட்டும் வைக்கும் பிள்ளை, கூப்பிட்டால் தவறான பக்கம் திரும்பும் பிள்ளை, வீட்டில் நன்றாகக் கேட்டுவிட்டு வகுப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளை – இவர்களை அதட்டுவதற்கு முன் ஒரு முறை காதைச் சோதித்துவிடுவது நல்லது. குறை உறுதியானால், நல்ல காது ஆசிரியரை நோக்கி இருக்கும்படி முன்வரிசையில் இடம் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஏட்ரியன் காலத்தில் மூளை எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணுவதாகத் தெரிந்தது. அதற்குப் பிந்திய நூற்றாண்டின் ஆய்வுகள், அந்தத் துடிப்பு எப்போது வந்தது என்றும் மூளை பார்ப்பதைக் காட்டியிருக்கின்றன. ஒரு துடிப்பு மட்டும் வந்தால் அது வெறும் ஒலி. இரண்டு துடிப்புகள் முன்பின்னாக வந்தால்தான் அதில் திசை உண்டு, தொலைவு உண்டு, காரணமும் விளைவும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு காதும் வேண்டும் என்று வற்புறுத்துவது பேராசை அல்ல. மூளை கணக்குப் போட அதற்கு இரண்டு எண்கள் வேண்டும், அதைத்தான் கேட்கிறோம்.